அசலை ஓரங்கட்டிய கவர் பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. அப்படிப் பாடியது அசலைவிட நன்றாக அமைந்துவிட்டால்தான் சண்டை தொடங்கும். இந்தச் சண்டையில் பல வருடங்களாகக் கலந்துகொண்டு தொண்டை கட்டிப்போனவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன். ஆண்டுகளும் பெயர்களும் பொது. தீர்ப்புகள் என் சொந்தச் சரக்கு.

கவர் பாடல் என்றால் என்ன? ரீமிக்ஸும் அதுவும் ஒன்றா?

இல்லை. ரீமிக்ஸ் செய்பவர் பழைய ஒலிப்பதிவையே எடுத்து, வெட்டி ஒட்டி, தாளம் கூட்டுவார். குரல் அதே பழைய குரல்தான். கவரில் பழைய பதிவிலிருந்து ஒரு நொடி ஒலிகூட வராது. சொல்லும் மெட்டும் மட்டும் வரும்; பாடுவது, வாசிப்பது எல்லாம் புதிது. வீடு அதே வீடு, குடிவந்தவர் வேறு.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் அசிங்கமான இடத்திலிருந்து. 1940களிலும் 50களிலும் அமெரிக்க இசைத்தட்டு வியாபாரத்தில் ஒரு கம்பெனியின் பாட்டு விற்கத் தொடங்கினால், இன்னொரு கம்பெனி தன் பாடகரை வைத்து அதே பாட்டை அவசரமாகப் பதிவு செய்து கடைக்கு அனுப்பிவிடும். அதைத்தான் கவர் என்றார்கள். இதில் அதிகம் அடிபட்டவர்கள் கறுப்பினப் பாடகர்கள். அவர்கள் பாட்டை வெள்ளையர் ஒருவர் பாடிய தட்டு வந்துவிட்டால், பெரும்பாலான வானொலிகள் அந்தத் தட்டைத்தான் சுழற்றும்.

1955இல் ஃபேட்ஸ் டாமினோவின் 'ஐன்ட் தட் எ ஷேம்' பாட்டை வெள்ளையரான பேட் பூன் பாடி முதலிடத்துக்குப் போனார். அடுத்து லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ருட்டி'. அதிலும் பூனின் தட்டுதான் பொதுப் பட்டியலில் மேலே ஏறியது. கேட்டுப் பாருங்கள், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். கடுப்பான ரிச்சர்ட், அடுத்து வந்த 'லாங் டால் சாலி'யைப் பூனின் நாக்கு புரளாத வேகத்தில் பாடினார். பூன் அதையும் பாடினார் என்பது வேறு கதை.

லவர்ன் பேக்கர் பாடிய 'ட்வீட்லீ டீ'யை ஜார்ஜியா கிப்ஸ் இசைக்கோர்ப்பு உட்பட அப்படியே நகலெடுத்தபோது, பேக்கர் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கே புகார் எழுதினார். பலனில்லை. பாட்டை எழுதியவருக்குச் சட்டத்தில் உரிமை இருந்தது. ஒரு பாட்டை எப்படிப் பாடினோம், எப்படிக் கோர்த்தோம் என்பதற்கு இல்லை.

அப்படியானால் அசலை விஞ்சியது என்று எதை வைத்துச் சொல்வது?

விற்பனையை வைத்துச் சொன்னால் பேட் பூன் ஜெயித்துவிடுவார். அதனால் அந்த அளவுகோல் வேண்டாம்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. சொற்கள் ஏறக்குறைய அப்படியே இருக்க, அந்தச் சொற்களைப் பேசும் ஆள் மாறுகிறாரா? பாட்டு என்பது யாரோ ஒருவர் யாரிடமோ பேசுவது. நல்ல கவரில் பேசுபவருக்கு வேறு வயது, வேறு காயம், வேறு காரணம் வந்துவிடும். அசலில் இருந்தும் யாரும் கவனிக்காத ஒரு வரி திடீரென்று பாட்டின் நடுவில் வந்து உட்காரும். இது நடக்கவில்லை என்றால், எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அது நல்ல நகல்தான்.

தோற்ற உதாரணம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 'ஹவுண்ட் டாக்' பாட்டை லைபர், ஸ்டோலர் என்ற இரண்டு இளைஞர்கள் பிக் மாமா தார்ன்டனுக்காக எழுதினார்கள். 1952இல் அவர் பதிவு செய்ததில், வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டு தின்று திரியும் ஓர் ஆணைப் பெண் ஒருத்தி வாசலில் நிறுத்தி விரட்டுகிறாள். ஒவ்வொரு சொல்லிலும் கை இடுப்பில் இருக்கிறது. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியது ஃப்ரெடி பெல் குழுவினர் மேடையில் வேடிக்கையாகச் செய்துகொண்டிருந்த வடிவத்தைக் கேட்டு. அதில் உண்மையிலேயே ஒரு நாயைத்தான் திட்டுகிறார். தட்டு லட்சக்கணக்கில் விற்றது, கிடார் பிரமாதம், எல்லாம் சரி. ஆனால் பேசிக்கொண்டிருந்த பெண்ணைக் காணோம்.

ஒரே ஒரு கவர் மட்டும் கேட்க நேரம் இருக்கிறது. எதைக் கேட்பது?

ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்'. எல்லோரும் சொல்லும் பதில்தான், தெரியும். எல்லோரும் சொல்வதாலேயே தவறாகிவிடாது.

அசல் நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற குழுவினுடையது. ட்ரென்ட் ரெஸ்னர் எழுதி, 1994இல் 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வந்தது. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. தன்னையே அழித்துக்கொண்டிருக்கும் இளைஞனின் குரல் அது; ஏறக்குறைய முணுமுணுப்பு. கிடாரில் வேண்டுமென்றே ஓர் அபஸ்வரம் ஒவ்வொரு சுற்றிலும் வந்து உறுத்திக்கொண்டே இருக்கும். பின்னால் இரைச்சல் காற்று மாதிரி அடிக்கும்.

எட்டு வருடம் கழித்து, 2002இல், தயாரிப்பாளர் ரிக் ரூபின் இந்தப் பாட்டைக் கேஷிடம் கொண்டுபோனார். கேஷுக்கு எழுபது வயது. உடம்பு தளர்ந்து, கண் மங்கி, மூச்சு இழுக்கும் நிலை. அந்த உறுத்தும் அபஸ்வரத்தை எடுத்துவிட்டுச் சாதாரண கிடார் கார்டுகளை (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது) வைத்தார்கள். இரைச்சல் போனது. அசலில் மலத்தால் ஆன கிரீடம் என்று வரும் இடத்தைக் கேஷ் முள்முடி என்று மாற்றினார். மாற்றிய சொல் அந்த ஒன்றுதான். மிச்சம் எல்லாம் அதே வரிகள். இருபத்தெட்டு வயதில் 'எனக்குத் தெரிந்த எல்லோரும் கடைசியில் போய்விடுகிறார்கள்' என்று பாடினால் அது விரக்தி. எழுபதில் பாடினால் வெறும் தகவல்.

அந்தப் பியானோவைக் கவனியுங்கள். பல்லவி வரும்போது ஒரே ஒரு ஸ்வரம் திரும்பத் திரும்ப, யாரோ கதவைத் தட்டுவது மாதிரி அடிக்கப்படுகிறது. பாட்டு போகப் போகத் தட்டல் பெரிதாகிறது. குரல் அதற்கு மேலே ஏற முடியாமல் நடுங்குகிறது. நடுக்கத்தை மறைக்க யாரும் முயலவில்லை. எத்தனையோ ஒலிப்பொறியாளர்கள் அதைச் 'சரி' செய்திருப்பார்கள். ரூபின் விட்டுவைத்தார்.

மார்க் ரோமனெக் எடுத்த வீடியோவும் பாட்டின் பாதி. மூடிக்கிடந்து சிதைந்துபோன கேஷின் சொந்த அருங்காட்சியகத்தில் எடுத்தது. படிக்கட்டில் நின்று மனைவி ஜூன் கார்ட்டர் அவரைப் பார்க்கும் ஒரு பார்வை வரும். கடைசியில் கேஷ் பியானோவின் மூடியைச் சாத்திவிட்டு அதன்மேல் மெதுவாகக் கையை ஓட்டுவார். ஜூன் 2003 மே மாதம் இறந்தார். கேஷ் அதே ஆண்டு செப்டம்பரில். முதலில் தயங்கிய ரெஸ்னர், வீடியோவைப் பார்த்துவிட்டு இது இனி என் பாட்டு இல்லை என்கிற மாதிரி சொன்னார். அசலை எழுதியவரே சாவியைக் கொடுத்துவிட்டார். நாம் என்ன வாதாடுவது?

ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' உண்மையில் பாப் டிலனுடையதா?

ஆமாம். டிலன் 1967 நவம்பரில் நாஷ்வில்லில் பதிவு செய்தார். கிடார், ஹார்மோனிகா, பேஸ், டிரம்ஸ், இரண்டரை நிமிடம், முடிந்தது. சொற்கள் ஏதோ வேதாகமத் தீர்க்கதரிசனம் மாதிரி. ஒரு விகடனும் ஒரு திருடனும் பேசிக்கொள்கிறார்கள். காவல்கோபுரத்தில் இளவரசர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தூரத்தில் இரண்டு குதிரைவீரர்கள் வருகிறார்கள். காற்று ஊளையிடத் தொடங்குகிறது. அவ்வளவுதான், பாட்டு நின்றுவிடும். கதை தொடங்க வேண்டிய இடத்தில் டிலன் எழுந்து போய்விடுவார்.

தட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே, 1968 ஜனவரியில், ஹென்ட்ரிக்ஸ் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் அதை எடுத்துக்கொண்டார். டிலன் சொல்லிவிட்டு நகர்ந்த அந்தக் காற்றை இவர் கிடாரில் வரவழைத்தார். நடுவில் வரும் நீண்ட கிடார் பகுதி நான்கு துண்டாக இருக்கும்: முதலில் நேராக ஒரு வாசிப்பு, அப்புறம் தந்தியில் வழுக்கிப்போகும் ஒன்று, அப்புறம் காலால் மிதித்து ஒலியை வளைக்கும் வா-வா பெடலில் பேசுவது மாதிரி ஒன்று, கடைசியில் கார்டுகளாக வெட்டி வெட்டி. நான்கையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு மறுபடி முழுதாகக் கேளுங்கள், குதிரைகள் கிட்டே வருவது தெரியும்.

அசல் டிலனுடையது என்று கேள்விப்பட்டுத் தேடிப்போய்க் கேட்டவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். நானும்தான். பத்து வருடம் கழித்துக் கேட்டபோதுதான் அந்த வறட்சியின் அழகு பிடிபட்டது. ஆனால் டிலனே ஹென்ட்ரிக்ஸ் பக்கம் போய்விட்டார். ஹென்ட்ரிக்ஸ் 1970இல் இறந்த பிறகு மேடையில் இதை ஹென்ட்ரிக்ஸ் போட்ட பாதையில்தான் வாசித்தார். அவர் மேடையில் அதிகமுறை பாடிய பாட்டும் இதுதான். தன் பாட்டுக்கு வந்த கவருக்கு அவரே கவர் பாடுகிறார் என்று நான் சொல்வது பாதி கிண்டல்.

ஆண் பாடியதைப் பெண் பாடினால் மட்டும் பாட்டு மாறிவிடுமா?

தானாக மாறாது. அரீத்தா ஃப்ராங்க்ளின் பாடினால் மாறும்.

'ரெஸ்பெக்ட்' 1965இல் ஓட்டிஸ் ரெட்டிங் எழுதிப் பாடியது. உழைத்துச் சம்பாதித்து வீட்டுக்கு வரும் ஆண், வந்தவுடன் கொஞ்சம் மரியாதை கொடு என்று மனைவியிடம் கேட்கிறான். கெஞ்சல்தான், ஆனால் வீடு தன்னுடையது என்ற நினைப்பில் வரும் கெஞ்சல். நல்ல பாட்டு, துள்ளும். 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரீத்தா இதைப் பதிவு செய்தபோது வரிகளை அங்கங்கே திருப்பினார். இங்கே பணம் அவள் கையில் இருக்கிறது. அவள் கெஞ்சவில்லை, கணக்குக் கேட்கிறாள்.

இன்று உலகம் 'ரெஸ்பெக்ட்' என்றால் நினைவுவைத்திருக்கும் இரண்டு விஷயங்களும் ஓட்டிஸ் பதிவில் கிடையாது. ஒன்று, வாத்தியங்கள் சட்டென்று ஒதுங்க, ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி என்று எழுத்துக்கூட்டும் இடம். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. இன்னொன்று, பின்னணியில் அரீத்தாவின் சகோதரிகள் எர்மாவும் கரோலினும் 'ஸாக் இட் டூ மீ' என்று படபடவென்று எதிர்ப்பாட்டுப் பாடுவது. அசலில் ஒருவன் தனியாகக் கேட்டான். இங்கே ஒரு வீட்டுப் பெண்களே திரண்டு நிற்கிறார்கள். நடுவில் கிங் கர்டிஸ் சாக்ஸபோன் வாசிக்கும் பகுதிக்கு அசலில் இடமே இல்லை. சாம் அண்ட் டேவ் பாடிய வேறொரு பாட்டின் கார்டுகளை இரவல் வாங்கிக் கட்டிய பாலம் அது.

அந்த ஜூனில் பாட்டு முதலிடத்தில் இருந்தது. அதே மாதம் மான்டரே விழா மேடையில் ஓட்டிஸ், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட பாட்டு என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்துவிட்டுப் பாடினார். டிசம்பரில் விமான விபத்தில் போய்விட்டார்.

ஓட்டிஸைப் பற்றி இன்னொன்று. 'ரெஸ்பெக்ட்' வந்த அதே 'ஓட்டிஸ் ப்ளூ' ஆல்பத்தில் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டையும் பாடியிருக்கிறார். கிடாரில் வரும் அந்தப் புகழ்பெற்ற துண்டை ஊதுகருவிகளில் வாசிக்க வேண்டும் என்பதுதான் கீத் ரிச்சர்ட்ஸின் முதல் எண்ணம். கிடார் தற்காலிக ஏற்பாடு. ஓட்டிஸின் பதிவில் ஊதுகருவிகள்தான் வாசிக்கின்றன. ஆக, ஒரே ஆல்பத்தில் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்திருக்கிறார்.

பாட்டை மெதுவாக்கிப் பியானோவில் பாடினாலே நல்ல கவர் ஆகிவிடும் என்கிறார்களே?

இந்த நோய்க்கு 'மேட் வேர்ல்ட்' ஒரு காரணம். டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழு 1982இல் வெளியிட்ட அசல் வேகமான சிந்தசைசர் பாட்டு. சோகமான வரிகளுக்கு ஆடிக்கொண்டே போகலாம். ஒரு திரைப்படத்துக்காக மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் அதைப் பியானோவில் அடக்கி, பாதி வேகத்தில் பாடினார்கள். 2003இல் பிரிட்டனின் கிறிஸ்துமஸ் வாரத்தில் அது முதலிடம். சரியான கவர்தான். தாளம் மறைத்துவைத்திருந்த வரிகள் வெளியே வந்தன.

அதற்கப்புறம் விளம்பரம், டிரெய்லர் எதை எடுத்தாலும் ஒரு குதூகலப் பாட்டை இழுத்து இழுத்துக் கிசுகிசுப்பது வழக்கமாகிவிட்டது. உள்ளே மறைந்திருக்கும் சோகம் இல்லாத பாட்டை மெதுவாக்கினால் மெதுவான பாட்டுதான் கிடைக்கும்.

எதிர்த்திசையில் போய் ஜெயித்தவர்களும் உண்டு. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' ஐஸ்லி பிரதர்ஸின் 1962 பதிவில் நல்ல விருந்து. 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். இதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தார்கள், ஏனென்றால் ஜான் லெனனுக்குச் சளி, தொண்டை போய்க்கொண்டிருந்தது. இதைப் பாடினால் அப்புறம் எதுவும் பாட முடியாது. ஒரே டேக். குரல் கிழிவது தெளிவாகக் கேட்கும்.

அதே பீட்டில்ஸுக்கு ஜோ காக்கர் பதில் மரியாதை செய்தார். ரிங்கோ சாதுவாகப் பாடிய 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' காக்கரிடம் 1968இல் போனபோது, நாலு எண்ணிக்கை நடை மூன்று மூன்றாக ஊசலாடும் நடையாகி, நண்பர்கள் உதவியில் ஓட்டிவிடுவேன் என்று தோள் குலுக்கிய ஆள் உதவி கிடைக்காவிட்டால் செத்துவிடுவேன் என்று கதறும் ஆளாக மாறினார்.

'ஹல்லேலூயா'வில் எது சிறந்தது?

இதற்காக நட்பை இழக்கத் தயாரா? சரி, சொல்கிறேன்.

லெனர்ட் கோஹன் 1984இல் வெளியிட்டபோது இது யார் காதிலும் பெரிதாக விழவில்லை. அமெரிக்காவில் அவருடைய கம்பெனி அந்த ஆல்பத்தை வெளியிடவே மறுத்துவிட்டது. மலிவான கீபோர்டு ஒலி, பின்னால் கோஷ்டிகானம், நடுவில் அந்தத் தடித்த குரல். 1991இல் ஓர் அஞ்சலி ஆல்பத்துக்காக ஜான் கேல் வரிகளைக் கேட்டபோது, கோஹன் ஃபேக்ஸில் பதினைந்து பக்கம் அனுப்பினார். அவ்வளவு சரணங்கள் எழுதி வைத்திருந்தார்! கேல் தனக்கு வேண்டியதைப் பொறுக்கி, வெறும் பியானோவில் பாடினார். இன்று நாம் கேட்கும் 'ஹல்லேலூயா'க்களில் பெரும்பாலானவை கேல் தேர்ந்தெடுத்த வரிசையில்தான் போகின்றன.

ஜெஃப் பக்லி கேட்டது கேலின் வடிவத்தை. 1994இல் 'கிரேஸ்' ஆல்பத்தில் அவர் பாடியது ஒரு பெருமூச்சில் தொடங்கும், உண்மையாகவே மூச்சுவிடும் சத்தம். அப்புறம் ஒற்றை எலெக்ட்ரிக் கிடார். கோஹனில் வயதான பாவியின் கடவுள் வழக்காக இருந்தது, பக்லியில் உடலும் காதலுமாக ஆகிவிட்டது. 1997இல் முப்பது வயதில் ஆற்றில் மூழ்கி இறந்தார். பாட்டின்மேல் அந்தச் சாவின் நிழலும் சேர்ந்துகொண்டது.

முதல் சரணத்தில் நாலாவது, ஐந்தாவது, மைனராக இறங்குவது, மேஜராக ஏறுவது என்று கார்டுகளின் பெயர்களே வரிகளாக வரும் இடத்தில் இசையும் அதே கார்டுகளில் அப்படியே நடக்கும். பாட்டு தன்னைத்தானே விளக்கிக்கொண்டு போகும் அந்த வரியைப் பக்லி வேகம் கூட்டாமல், விரலுக்கு விரல் காட்டிப் பாடுவார். என் ஓட்டு இருந்தாலும் கேலுக்கு. பக்லியின் குரலைக் கேட்கும்போது பக்லியைக் கேட்கிறேன். கேலில் பாட்டைக் கேட்கிறேன். 2008 டிசம்பரில் பிரிட்டனில் அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடியது முதலிடம், பக்லி இரண்டாமிடம், கோஹன் முப்பத்தாறாமிடம் என்று ஒரே வாரத்தில் மூன்று பேரும் பட்டியலில் இருந்தார்கள். கேலைக் காணோம். என் ரசனைக்கு எப்போதும் நடப்பதுதான்.

விட்னியா, டாலியா?

டாலி பார்ட்டன் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' எழுதியது காதலனுக்கு இல்லை. தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வேகனரின் நிகழ்ச்சியை விட்டுப் பிரியும்போது, அவருக்குச் சொல்லிக்கொண்டு போக எழுதினார். 1974இல் வெளிவந்த அந்தப் பாட்டு கதவருகே நின்று தாழ்ந்த குரலில் விடைபெறுவது. கடைசிச் சரணத்தைப் பாடக்கூட மாட்டார், பேசுவார்.

1992இல் விட்னி ஹூஸ்டன் ஒரு படத்துக்காகப் பாடியதில் தொடக்கத்தில் வாத்தியமே கிடையாது. தொகையறா மாதிரி முக்கால் நிமிடம் குரல் மட்டும். படத்தில் உடன் நடித்த கெவின் காஸ்ட்னர் பிடிவாதமாகக் கேட்ட விஷயம் இது. டாலி கிளம்பிப் போகும் பெண். விட்னி போகாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு போகும் பெண். ஒரு மௌனம், ஒரு டிரம் அடி, ஸ்தாயி மாற்றம், அப்புறம் வருவதை உலகத்தில் எல்லாக் குளியலறைகளும் கேட்டிருக்கின்றன. அமெரிக்கப் பட்டியலில் பதினான்கு வாரம் முதலிடம்.

நான் எந்தப் பக்கமும் இல்லை. இரண்டும் வேறு வேறு பிரிவு.

யாருக்கும் தெரியாத அசல்கள் இருக்கின்றனவா?

ஏராளம். 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹேவ் ஃபன்' ராபர்ட் ஹஸார்ட் என்ற ஆண் 1979இல் ஆண் பார்வையில் எழுதியது. சிண்டி லாப்பர் வரிகளைத் திருப்பி 1983இல் பெண்களின் கொடியாக்கினார். 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' ஜோன் ஜெட்டுக்கு முன்னால் ஆரோஸ் குழுவினுடையது. 'கில்லிங் மீ சாஃப்ட்லி' முதலில் லோரி லீபர்மன் பாடியது. ரொபெர்ட்டா ஃப்ளாக் அதை விமானத்தில் பயணிகளுக்குப் போட்ட இசையில்தான் கேட்டார். நடாலி இம்ப்ரூலியாவின் 'டார்ன்' முதலில் தட்டில் வந்தது டேனிஷ் மொழியில், 1993இல்.

கவர் பாட அனுமதி வேண்டுமா? பணம் யாருக்குப் போகும்?

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: எழுதப்பட்ட பாட்டு ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. கவர் பாடும்போது முதல் சொத்துக்குத்தான் வாடகை கொடுக்கிறீர்கள். அமெரிக்காவில் 1909இலேயே சட்டம் வந்துவிட்டது. தானியங்கிப் பியானோக்களுக்கான துளைச்சுருள்களை ஒரே கம்பெனி மொத்தமாக வளைத்துவிடுமோ என்ற பயத்தில் வந்த சட்டம் அது. ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால், நிர்ணயித்த ராயல்டியைக் கட்டிவிட்டு யாரும் பாடலாம். எழுதியவர் தடுக்க முடியாது. மெட்டின் அடிப்படையை மாற்றக் கூடாது. வரிகளை மாற்றவோ மொழிபெயர்க்கவோ, படத்திலும் வீடியோவிலும் காட்சியோடு சேர்க்கவோ தனி அனுமதி வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும். வெளியிடும் முன் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

பணம் எழுதியவருக்குப் போகும் என்பதை மறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் சாஃப்ட் செல் குழுவினர். க்ளோரியா ஜோன்ஸ் அறுபதுகளில் பாடி யாரும் கண்டுகொள்ளாத 'டெயின்டெட் லவ்' பாட்டை 1981இல் எடுத்து உலக ஹிட் ஆக்கினார்கள். தட்டின் மறுபக்கத்தில் சொந்தப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தால், ஒவ்வொரு பிரதிக்கும் எழுதியவர் பங்கு அவர்களுக்கும் வந்திருக்கும். அங்கேயும் சுப்ரீம்ஸின் பாட்டைக் கவர் பாடி வைத்திருந்தார்கள். எழுத்துக் காசு மொத்தமும் பிறருக்கு.

டாலி கெட்டிக்காரர். எல்விஸ் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட ஆசைப்பட்டபோது, அவருடைய மேனேஜர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி இரவெல்லாம் அழுதுவிட்டு முடியாது என்றார். விட்னியின் பதிவு வந்தபோது அந்த முழுப்பங்கும் டாலியிடம் இருந்தது. அரீத்தாவுக்கு இதன் மறுபக்கம்: அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டு ஓடினால் எழுதியவருக்கு மட்டும்தான் காசு, பாடியவருக்கு இல்லை. 'ரெஸ்பெக்ட்' ஒவ்வொருமுறை ஒலித்தபோதும் ஓட்டிஸ் பக்கம்தான் பணம் போனது.

எதையும் மாற்றாமல் பாடினால் அது வீண் வேலைதானே?

அப்படித்தான் நினைத்தேன், 2023 வரை. ட்ரேசி சாப்மன் 1988இல் பாடிய 'ஃபாஸ்ட் கார்' பாட்டை அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் லூக் கோம்ஸ் ஏறக்குறைய அப்படியே பாடினார். கடையில் கல்லாவில் நிற்கும் பெண்ணாக வேலை செய்கிறேன் என்ற வரியைக்கூட ஆணாக மாற்றவில்லை. சாப்மனின் பதிவு அமெரிக்காவில் ஆறாமிடம் வரை போனது; இது இரண்டாமிடம். என் அளவுகோலின்படி பேசும் ஆள் மாறவில்லை, அதனால் அசலை விஞ்சவும் இல்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் கழித்து சாப்மனுக்குக் கன்ட்ரி இசையின் ஆண்டுப் பாடல் விருது வந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர்தான். 2024 கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடியபோது, சாப்மன் தொடக்கக் கிடாரை வாசித்ததும் அரங்கம் எழுந்தது. கோம்ஸ் பக்கத்தில் நின்று அவரையே பார்த்தபடி, அவர் வரிகளுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தார். பேட் பூன் காலத்துக் கவருக்கு இது பிராயச்சித்தம் மாதிரி எனக்குப் பட்டது.

ஜாஸ் கலைஞர்கள் வாசிப்பதையும் கவர் என்று சொல்லலாமா?

யாரும் சொல்வதில்லை. அங்கே பாட்டு என்பது புறப்படும் இடம் மட்டும். ஜான் கோல்ட்ரேன் ஒரு மேடை நாடகத்தின் குழந்தைத்தனமான 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை எடுத்து, 1961இல் வெளிவந்த தட்டில் ஏறத்தாழ பதினான்கு நிமிடம் வாசித்தார். ஒரு வரிக்குச் சங்கதி மேல் சங்கதி போட்டுப் பழகிய காதுக்கு அது உடனே புரியும்.

முதலில் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கிறது. இது வெறும் பழக்கமா?

பெரும்பாலும் பழக்கம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிர்வானா 1993இல் எம்டிவி நிகழ்ச்சியில் பாடிய 'தி மேன் ஹூ ஸோல்ட் தி வேர்ல்ட்' பாட்டை முதலில் கேட்ட ஒரு தலைமுறைக்கு, டேவிட் போவியின் 1970 அசல்தான் விசித்திரமான கவர். ஒரு வழி சொல்கிறேன்: புதிதாகக் கேட்கும் பதிவை ஒரு வாரம் தனியாகக் கேளுங்கள். பழையதைத் தொடாதீர்கள். அப்புறம் ஒப்பிடுங்கள்.

எந்த ஜோடியில் தொடங்கலாம்?

ஜோடி வேண்டாம், மூன்றாகக் கேளுங்கள். 'நத்திங் கம்பேர்ஸ் டூ யூ' பாட்டைப் பிரின்ஸ் எழுதி, தான் உருவாக்கிய தி ஃபேமிலி என்ற குழுவுக்குக் கொடுத்தார். 1985இல் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போனது. 1990இல் சினேட் ஓ'கானர் பாடினார், உலகம் முழுக்க முதலிடம். பிரின்ஸ் தானே 1984இல் பாடிப் பெட்டியில் வைத்திருந்த பதிவு, அவர் இறந்த பிறகு 2018இல்தான் வெளியானது. அதில் பிரின்ஸ் கெஞ்சுகிறார், கோபப்படுகிறார், சாக்ஸபோன் அழுகிறது. காதலி போய்விட்டாள், அவ்வளவுதான் விஷயம்.

சினேட்டின் வீடியோவில் ஏறக்குறைய முழுக்க அவர் முகம் மட்டும். பின்பகுதியில், அம்மா கொல்லையில் நட்ட பூச்செடிகள் எல்லாம் நீ போனதும் பட்டுப்போயின என்ற வரி வரும்போது கண்ணீர் கன்னத்தில் இறங்குகிறது. அது திட்டமிட்டது இல்லை. சினேட்டின் அம்மா 1985இல் கார் விபத்தில் இறந்தவர். அந்த வரியில் அவர் நினைவு வந்துவிட்டதாகச் சினேட் பிறகு சொன்னார். பிரின்ஸின் பதிவிலும் அதே வரி இருக்கிறது. அங்கே அது வெறும் பூச்செடிதான்.